பயந்தவளுக்குத்தான் வீடு

மங்கரேயைப் பற்றி மங்கரேயில் குடியிருக்காதவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும். நகரத்தின் வசதியான பக்கமான கிளென்ஃபீல்டில் இருந்த என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, பாலத்தைக் கடந்து எங்கள் பக்கம் வருவது வருடத்தில் ஒன்றோ இரண்டோ முறைதான். ஆனாலும் எங்கள் தெருவில் யார் களவெடுப்பார்கள், யார் இடுப்பில் கத்தி செருகியிருப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் அங்கேயே குடியிருந்து, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் விமானத்துப் போர்வைகளை மடித்துவிட்டுத் தினமும் அந்தத் தெருவால் நடந்து வீடு திரும்பியதால் எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த எங்களுக்கு மங்கரேயில் கிடைத்தது அரசாங்க வீடு. வெளியே பலகை, உள்ளே மட்டை, நடுவில் காற்று, அதற்குப் பெயர் சுவர். யாழ்ப்பாணத்தில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவரையே ஷெல் மதித்ததில்லை. பாதுகாப்பான நாட்டில் சுவருக்கு என்ன வேலை என்று இதைக் கட்டியவர்கள் நினைத்திருக்கலாம். இது பாதுகாப்பான நாடு என்றுதான் எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்கு ஒரு சோமாலியப் பெண் குடிவந்தாள். என் வயதுதான் இருக்கும். இரண்டு பிள்ளைகள், கணவன் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்களைப் போன்ற இடங்களிலிருந்து வந்தவர்கள் அந்தக் கேள்வியை எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. விடிகாலையில் நகரத்துக்குப் போய் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருமுன் திரும்பிவிடுவாள். எங்கள் சமையலறை ஜன்னலும் அவளுடைய சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர் பார்த்தபடி இருந்தன. நடுவில் ஒரு தாழ்ந்த வேலி, ஒரு எலுமிச்சை மரம். காணும்போது தலையசைப்போம், அவ்வளவுதான் உறவு. அதற்கே மச்சாள் தொலைபேசியில் எச்சரித்தார்.

"உந்தக் காப்பிலியளோட கதைபேச்சு வைச்சுக்கொள்ளாதை. உதுகள் போற இடமெல்லாம் துவக்கும் சண்டையும்தான்."

மச்சாள் படிப்பைக் காட்டி விசா எடுத்து வந்தவர். துவக்குச் சத்தத்தைத் தொலைக்காட்சிச் செய்தியில் மட்டும் கேட்டவர். படுக்கப் போகுமுன் முகம் வெளுக்கக் கிறீம் பூசுகிறவர். துவக்குக்கும் சண்டைக்கும் பயந்து ஓடிவந்த அகதிகளான எங்களுக்கு இந்த விஷயத்தில் புத்தி சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்?

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், பின்னேரம் இருட்டிக்கொண்டு வரும் நேரம், நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் இரண்டு ஆண்கள் ஒரு காருக்காகச் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். பிறகு வெடி கேட்டது. நான் யோசிக்கவில்லை, உடம்பே முடிவெடுத்துவிட்டது. தரையில் குப்புறக் கிடந்தேன். என் மகள் எனக்குக் கீழே கிடந்தாள். அவளை எப்போது இழுத்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கணவர் சோற்றுக் கோப்பையுடன் மேசைக்குக் கீழே இருந்தார். ஒரு பருக்கைகூடச் சிந்தியிருக்கவில்லை. ஊரில் பழகிய முறை இதுதான்: முதல் வெடிக்குப் படுக்க வேண்டும், இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டும், அது வராவிட்டால் எழும்பி அடுப்பைப் பார்க்க வேண்டும். இரண்டாவது வரவில்லை. கார் ஒன்று கிறீச்சிட்டபடி போனது.

நான் எழும்பினேன். எதிர் ஜன்னலிலும் ஒரு தலை தரையிலிருந்து எழும்பியது. முகம், முக்காடு, கண்ணிமை எல்லாம் ஒரே வெள்ளை. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மற்றவள் எங்கே கிடந்துவிட்டு எழும்புகிறாள் என்று இரண்டு பேருக்கும் விளங்கியது. சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதம் தலையசைத்து வளராத பழக்கம் அந்த ஒரு சிரிப்பில் வளர்ந்தது. பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் சுவரைக் கைகாட்டினாள்.

நான் வேலியைத் தாண்டி ஓடினேன். குண்டு பலகையைத் துளைத்து, மட்டையைத் துளைத்து, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த அலுமாரிக்குள் இருந்த மாப் பையில் போய் நின்றிருந்தது. பை வெடித்து மா முழுக்க அவள்மேல் கொட்டியிருந்தது. அவள் அந்த நேரம் கீழ்த் தட்டில் சட்டி எடுக்கக் குனிந்திருந்தாள். நிமிர்ந்து நின்றிருந்தால் மாப் பைவரைக்கும் வரக் குண்டுக்குத் தேவை இருந்திருக்காது.

பொலிஸ்காரர் வந்தார். இளம் பிள்ளை, நல்ல மரியாதை. வாசலில் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சுவரை விசாரிக்குமுன், "இந்த வெள்ளைத் தூள் என்ன?" என்று கேட்டார். மா என்று சொன்னாள். அவர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். குண்டுக்கு அவர் அவ்வளவு நேரம் ஒதுக்கவில்லை.

"துப்பாக்கிச் சத்தம் கேட்டீர்களா?"

"சின்னது," என்றாள்.

"சின்னது என்றால்?"

அவள் துணைக்கு என்னைப் பார்த்தாள். நானும் பெரிய உதவி செய்கிறேன் என்ற நினைப்பில், "ஓம், சின்னதுதான்," என்றேன். ஆட்லறி கேட்டுப் பழகியவளிடமும் டாங்கி கேட்டுப் பழகியவளிடமும் முயல் சுடுகிற துவக்கைப் பற்றிக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? அளவைக் கூட்டிச் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு ஒரு நேர்மை. அந்த நேர்மையை அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

"பயந்துவிட்டீர்களா?"

"இல்லை."

"இதற்கு முன் இப்படிக் கேட்டதுண்டா?"

"என் நாட்டில். ஒவ்வொரு நாளும்."

"அப்படியானால் பழக்கம்தான்," என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். "யாரும் உங்களைக் குறிவைக்கவில்லை. தவறி வந்த குண்டு. நீங்கள் கவலைப்படத் தேவையில்லை."

அவர் போனபிறகு அவள் என்னிடம் கேட்டாள்: "குறிவைக்காட்டி குண்டு சுடாதோ?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருவரும் பேசியது உடைந்த ஆங்கிலத்தில். அவள் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது யாழ்ப்பாணத் தமிழ் என்பதால் அவளும் இங்கே யாழ்ப்பாணத்தாளாகிவிடுகிறாள். மச்சாள் மன்னிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் கெட்டது நடந்தால் விசாரிக்கப் போவது முறை. செத்தவீடாக இருந்தால் துக்கம் விசாரிப்பு. இது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியாமல் ஒரு பெட்டி மாரி பிஸ்கட்டுடன் அந்தச் சனிக்கிழமை போனேன். வீடு நிறையச் சோமாலியப் பெண்கள். அவர்களுக்கும் அதே முறைதான் போலும். ஏலக்காய்த் தேநீரை ஊற்றி, என்னைப் பிடித்து நடுவில் இருத்தினார்கள். ஆளாளுக்கு ஒரு வெடிக் கதை இருந்தது. பாஷை தடுக்கிய இடத்தில் வாயால் சத்தம் போட்டுக் காட்டினார்கள். நானும் ஹெலிகொப்டர் சுடுவது எப்படி, பொம்மர் விமானம் குத்தி இறங்குவது எப்படி என்று போட்டுக் காட்டினேன். ஒருத்தி பாவாடையைச் சற்று உயர்த்தித் தொடையில் இருந்த தழும்பைக் காட்டினாள். பஸ் பிந்தியதைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

மூலையில் இருந்த ஒரு பெண் சட்டைக் கையை மடித்தாள். முழங்கைக்கு மேலே நீலமாகக் கன்றியிருந்தது. பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது யாரோ காரில் போகிறபோக்கில் காற்றுத் துவக்கால் சுட்டிருக்கிறார்கள். ஊரில் இல்லை, இங்கே, போன மாதம். பொலிஸுக்குச் சொன்னாயா என்று கேட்டேன்.

"உதைப் போய் ஆர் துவக்கெண்டு சொல்லுவினம்?" என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள்.

அந்த அறையில் எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் சேர்த்துத்தான். எங்கள் எல்லோருக்கும் சின்னதெல்லாம் கணக்கில் இல்லை. ஆகவே எந்தக் கணக்கிலும் நாங்கள் இல்லை.

அவளுடைய குளியலறையை நான் பார்த்தது அன்றைக்குத்தான். பழைய அரசாங்க வீடுகளில் கனத்த இரும்புக் குளியல் தொட்டி இருக்கும். அவளுடைய தொட்டிக்குள் போர்வை விரித்து, தலைக்கொன்றும் காலுக்கொன்றுமாகத் தலையணை போட்டிருந்தது. வெடி விழுந்த நாளிலிருந்து பிள்ளைகள் இருவரும் அதற்குள்தான் படுக்கிறார்கள். அந்த வீட்டில் குண்டு துளைக்காத சாமான் அது ஒன்றுதான் என்று அவள் தட்டித் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள். நாங்கள் மண் மூட்டை அடுக்கிப் பதுங்கப் பங்கர் வெட்டியவர்கள். எங்களுக்கு இந்த யோசனை வரவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என் மகளோ தனக்கும் தொட்டிப் படுக்கை வேண்டும் என்று ஆங்கிலத்தில் அடம்பிடித்தாள்.

அவள் எங்கே படுக்கிறாள் என்று கேட்டேன். குளியலறை வாசலில், கதவுக்கும் பிள்ளைகளுக்கும் குறுக்கே. படுக்கிறேன் என்றுதான் சொன்னாள், தூங்குகிறேன் என்று சொல்லவில்லை. மா அரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், தங்கையைப் பற்றிச் சொன்னாள். மொகடிஷுவில், சமையலறையில், அடுப்படியில் நின்றபோது, சுவரால் வந்த குண்டு. "அதுவும் குறிவைக்காத குண்டுதான்," என்றாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வேறு வீடு. எந்தப் பகுதியென்றாலும் சரி, எவ்வளவு சின்னதென்றாலும் சரி, அந்தச் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

அரசாங்க வீட்டு அலுவலகத்தில் கேட்டாள். ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். கழுத்துப் பட்டி, மெல்லிய குரல், செருப்பு ரேக்கைக் கண்டதும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றுகிற பண்பு. சுவர் ஓட்டையைப் பார்த்து, "சின்னதுதான், பூசிவிடலாம்," என்றார். சின்னது என்ற சொல் அந்த வீட்டில் அப்படி நிலைத்துவிட்டது. பிறகு குளியல் தொட்டியில் போர்வையைக் கண்டார். நின்று பார்த்தார். முகம் இரங்கியது. எனக்கு நம்பிக்கை வந்தது. அடுத்த வாரம் ஒரு வான் வந்து, பிள்ளைகளுக்கு என்று நல்ல இரட்டைத் தட்டுக் கட்டில் ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. ஜன்னல் உயரத்துக்கு மேல்தட்டு வரும். பிள்ளைகளுக்கு அதில் உடுப்பு அடுக்க வசதியாக இருந்தது.

"நீ அழவேணும்," என்று நான் அவளுக்குச் சொன்னேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதை எங்கள் அகதி விசாரணையில் நானே கண்ணால் கண்டிருக்கிறேன். என் கணவர் தேதி தவறாமல், ஊர் தவறாமல், ஒரு கணக்காளருக்கு உரிய ஒழுங்குடன் எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். நான் ஒரு தேதியும் ஞாபகம் வராமல் அழுதேன். நம்பிவிட்டார்கள். இந்த நாட்டுக்குள் வரப் பயத்தை நிரூபிக்க வேண்டும். வந்தபிறகும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், விசாவைப் போல.

"நான் அழுதா பிள்ளையள் பாப்பினம்," என்றாள் அவள். "அம்மாவுக்குப் பயமில்லை எண்டு நம்பித்தான் அதுகள் தொட்டிக்குள்ள நித்திரை கொள்ளுதுகள்."



அதிகாரி இரண்டாம் முறை வந்தபோது நான் லீவு போட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கேட்டதற்குக் கேட்ட அளவு பதில் சொன்னாள். வேலைக்குப் போகிறீர்களா? போகிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா? போகிறார்கள். சாப்பாடு? சமைக்கிறேன். நான் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். "தங்கச்சியின்ர கதையைச் சொல்லு," என்று தூண்டினேன். சொன்னாள், மூன்றே வாக்கியத்தில். குரல் ஒரு நூல்கூட நடுங்கவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். "நீங்கள் மிகவும் பலமான பெண்," என்றார். "உங்களிடமிருந்து நாங்கள் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும்."

அவர்கள் கற்று முடிக்கும்வரை அவள் அங்கேயே குடியிருக்க வேண்டும் போலும். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

"பலமோ? அவ பலசாலி எண்டா குண்டு வளைஞ்சு போகுமோ?" என்று தமிழில் கத்தினேன். பிறகு அதையே ஆங்கிலத்தில் கத்தினேன். பிறகு அழத் தொடங்கினேன். மறைப்பானேன், தொடக்கத்தில் அது அவளுக்காகப் போட்ட நடிப்புத்தான். அவள் அழாவிட்டால் அவளுக்குப் பதிலாக ஒருத்தி அழுதால் என்ன என்று நினைத்தேன். ஆனால் அழுகைக்கு நடிப்பென்று தெரியாது. அது நேரே போய்ப் பங்கருக்குள் நின்றது. மகளை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஈர மண்ணில், முழங்கால் மரத்துப்போகக் குந்தியிருந்த பகலை இழுத்துக்கொண்டு வந்தது. அதன்பிறகு நிறுத்த எனக்குத் தெரியவில்லை. அவள்தான் என் தலையைத் தன் தோளில் சாய்த்து முதுகைத் தடவினாள்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. கடை முழுக்கத் தேடிய சாமான் பக்கத்துத் தட்டில் இருந்ததுபோல. எனக்குக் கடதாசிக் கைக்குட்டை நீட்டினார். என் பெயரைக் கேட்டார். விலாசத்தைக் கேட்டார்.

"ஓட்டை என்ர வீட்டில இல்லை," என்றேன்.

"புரிகிறது," என்றார் மெதுவாக. "காயம் சுவரில் மட்டும் ஏற்படுவதில்லை."

கொஞ்ச நாளில் தொலைபேசி வந்தது. மாசி என்ற பகுதியில் ஒரு வீடு காலியாகிறது, புதிதாகப் பூச்சடித்தது, பின்வளவு பெரிது. என் மனநிலையைக் கருதி எங்கள் குடும்பத்துக்கு அதை ஒதுக்கியிருக்கிறார்கள். கணவர் அன்றைக்கே குளிர்சாதனப் பெட்டியை அளந்தார். மச்சாள் கிளென்ஃபீல்டிலிருந்து, "கடவுள் கண் திறந்திட்டார், உந்தச் சனத்திட்ட இருந்து உங்களுக்கு விடுதலை," என்றார். அந்தச் சனத்தின் சுவரில் விழுந்த ஓட்டையால்தான் கடவுள் எட்டிப் பார்த்தார் என்பது அவருக்குப் பொருட்டாகப் படவில்லை.

நான் அதிகாரியைக் கூப்பிட்டேன். "அந்த வீட்டைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் குடுங்கோ."

"அப்படி மாற்ற முடியாது. அவர் நன்றாகச் சமாளிக்கிறார்."

"நான் நடிச்சனான். அழுதது நடிப்பு."

அவர் இன்னும் அன்பான குரலில், "நடந்ததை இப்படி மறுப்பதும் அதிர்ச்சியின் அறிகுறிதான்," என்றார்.

"அப்ப எனக்கும் வேண்டாம்," என்று வைத்துவிட்டேன். வீடு வரிசையில் அடுத்து நின்ற யாருக்கோ போனது.

"உமக்கென்ன விசரே?" என்றார் கணவர். அதற்குப் பிறகு மாசிப் பக்கம் கார் போகும்போதெல்லாம் அவர் விட்ட பெருமூச்சில் கார்க் கண்ணாடி புகார் பிடித்து மங்கும்.

எனக்கோ தலைகால் புரியாத பெருமை. தோழிக்காக ஒரு வீட்டையே உதறியவள் அல்லவா? வேலியைத் தாண்டிப் போய் அவளிடம் சொன்னேன். அவள் மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டையைப் பூசியாகிவிட்டது. ஆனாலும் சுவரைப் பார்த்தபடிதான், பக்கவாட்டில் திரும்பித்தான் நிற்பாள். சொல்லி முடித்துவிட்டு அவள் கண் கலங்குவதற்காகக் காத்திருந்தேன்.

"விசரி!" என்றாள். கையை உதறியதில் மா என் முகத்தில் தெறித்தது. "ஏன் வேண்டாமெண்டனீ? நீ அந்த வீட்டை எடுத்திருந்தா, நானும் பிள்ளையளும் வந்து உன்ர வீட்டுக்குள்ள நடைபாதையில படுத்திருப்பம். ஒரு இரவெண்டாலும்!"

அது என் புத்திக்கு எட்டவேயில்லை. எனக்கு வீடு என்றால் நியாயம். அவளுக்கு வீடு என்றால் குண்டு வராத ஒரு தரை. அவள் என்னையும் என் முகத்து மாவையும் பார்த்தாள். முதல் நாள் அவள் நின்ற கோலத்தில் நான் நின்றிருப்பேன். சிரித்தாள். அதிகாரி சொன்னதை அவருடைய மெல்லிய குரலிலேயே சொல்லிக் காட்டினாள், "மிகவும் பலமான பெண்." இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பிக் கழுவுதொட்டியில் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். கைகழுவுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோள்கள் குலுங்கியபோதுதான் விளங்கியது.

அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம், தொட்டிக்குள் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாதென்று, தண்ணீரைச் சோவென்று ஓடவிட்டு அழுதாள். பேனா திறந்து எழுத ஒரு அதிகாரியும் அங்கே இல்லை. அரசாங்கத்தின் கோப்பில் அவள் இன்றைக்கும் பயமில்லாதவள்தான்.

பிறகு குழாயை மூடினாள். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் போர்வை விரிக்கப் போனாள்.